25 ரூபாய்ப் பங்கும் ஒரு கப்பல் கம்பனியும்

 

நெளுக்குளத்தில் கோழி வளர்ப்பு, தையல், அரிசி மா என்று சிறுதொழில் தொடங்க நினைப்பவர்கள் பலர். ஆனால் வங்கியில், "உங்கள் திட்டத்தைப் பத்து நிமிடத்தில் விளக்குங்கள்" என்றதும் தடுமாறிப் போகிறார்கள். பவர் பொயின்ட்டுக்கு என்ன நிறம் போடுவது என்பதுதான் முதல் கவலை. அவர்களுக்காக ஒரு பழைய வரலாறு.

1906ஆம் ஆண்டு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பனியின் கையில் இருந்தது. அதற்குப் போட்டியாக நம்மவர் கம்பனி ஒன்று வேண்டும் என்று புறப்பட்டவர் வ.உ.சிதம்பரம்பிள்ளை. அவர் வழக்கறிஞர், கப்பல் முதலாளி அல்லர். 1906 ஒக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பனி பதிவானது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய்.

அந்தத் தொகையைக் கேட்டால் யாருக்கும் தலை சுற்றும். ஆகவே அது 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பங்கு ஒன்று 25 ரூபாய். "10 இலட்சம் தாருங்கள்" என்பது வேறு, "25 ரூபாய்க்கு நீங்களும் கப்பலில் பங்காளி" என்பது வேறு. கேட்பவர் தன்னால் முடியும் என்று நினைக்கும் அளவில் கணக்கைச் சொல்வதுதான் முதல் பாடம்.

இரண்டாவது, நம்பிக்கை. கம்பனித் தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். செயலாளர் ஹாஜி முகமது பக்கீர் சேட். வ.உ.சி. உதவிச் செயலாளராகவே இருந்தார். பக்கீர் சேட் 8,000 பங்குகளை, அதாவது 2 இலட்சம் ரூபாய்க்கு, வாங்கினார். ஒரு முஸ்லிம் வியாபாரி தன் பணத்தை இவ்வளவு போட்டிருக்கிறார் என்பதே மற்றவர்களுக்குப் பெரிய விளக்கம். நாம் எவ்வளவு போட்டிருக்கிறோம் என்று வங்கி கேட்பதும் இதனால்தான்.

மூன்றாவது, செய்து காட்டுதல். முதலில் வாடகைக் கப்பல் ஓடியது. வெள்ளைக் கம்பனியின் நெருக்குதலால் அது பறிபோனதும், இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு எடுத்துச் சமாளித்தார்கள். பின்னர் வ.உ.சி. பம்பாய் சென்று முயன்றார். 1907 மே மாதம் காலியா, லாவோ என்ற சொந்தக் கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன.

இத்துடன் கதையை முடித்தால் அது அரைக் கதைதான்.

எதிர்க் கம்பனி கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. இவர்கள் அரை ரூபாயாக்கினார்கள். அவர்கள் இலவசமாகவே ஏற்றி, குடையும் கொடுக்க முன்வந்தார்கள். பெரிய கம்பனி நட்டத்தைத் தாங்கும். புதிய கம்பனி எத்தனை மாதம் தாங்கும்? 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதாகிக் கடும் சிறைத் தண்டனை பெற்றார். 1911இல் கம்பனி கலைக்கப்பட்டது. அவர் விடுதலையானது 1912 இறுதியில்.

அரசாங்கமே எதிராக நின்ற காலம் அது. தோல்வியை அவர் தலையில் போடுவது அநியாயம். ஆனாலும் நமக்கு இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. பக்கத்துப் பெரிய கடை விலையைக் குறைத்தால் நாம் என்ன செய்வோம்? தொழிலை நடத்துபவர் ஆறு மாதம் படுத்துவிட்டால் யார் பார்ப்பார்? திட்டத்தை விளக்கப் போகும்போது இந்த இரண்டுக்கும் பதில் எழுதி எடுத்துப் போங்கள். அதிகாரி கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.

ஏனென்றால் அடுத்தவர் பணம் அமானிதம். கடனை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. நல்ல பேச்சு பணத்தைக் கொண்டு வரும். நேர்மையான கணக்குத்தான் அதைக் காப்பாற்றும். வரும் இலாபத்தைச் சொல்லும் அதே வாயால் வரக்கூடிய நட்டத்தையும் சொல்பவரை, கேட்பவர் கூடுதலாகவே நம்புவார்.

திட்டம் எழுதும் பிள்ளைகளுக்கும் சகோதரிகளுக்கும் இதை வாசிக்கக் கொடுங்கள். அல்லாஹ் பரக்கத் செய்வானாக.