பட்டாளக் கட்டாயம் யாருக்கு?

மர்பி டவுனில் வளர்ந்தவனுக்குப் பட்டாளம் என்பது பயமுறுத்தும் வார்த்தை அல்ல. அல்சூர் ஏரிப் பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ் மையம் இருக்கிறது. 1780-ல் தொடங்கிய படை, 1834-ல் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. அந்தப் படைக்காரர்களை ராணுவம் முழுக்க 'தம்பி' என்றுதான் கூப்பிடும். எங்கள் ஏரியாவில் பட்டாளம் என்றால் சம்பளம், கேன்டீன், பென்ஷன். ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி வந்தால் விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நிற்பார்கள்.

நான் இப்போது குப்பை கொட்டுவது சிங்கப்பூரில். இங்கே கதை தலைகீழ். பதினெட்டு வயதானால் பையனை அரசாங்கமே கூப்பிடும், இரண்டு வருடம் போயே ஆக வேண்டும். கொரியாவிலும் அப்படித்தான். பி.டி.எஸ். பாட்டுக் குழுவின் ஏழு பையன்களையும் விடவில்லை. 2022 டிசம்பரில் முதல் ஆள் போனார், கடைசி ஆள் 2025 ஜூனில்தான் வெளியே வந்தார். உலகப் புகழ் எல்லாம் வாசலோடு சரி.

நம் ஊரில் ஏன் இப்படி ஒரு கட்டாயம் வரவில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? 'ஜனத்தொகை அதிகம், ஆள் தானாகவே வருகிறான்' என்பது சட்டென்று வரும் பதில். சரிதான், ஆனால் அது பாதிக் கதை. மீதிக் கதை கொஞ்சம் விசித்திரமானது.

வெள்ளைக்காரன் இந்தியாவில் கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டு வந்தான். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917-ல் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் வந்தது. 18 முதல் 41 வயது வரையுள்ள ஆண்கள் இந்தியாவுக்குள் எங்கே அனுப்பினாலும் போக வேண்டும். ஆனால் யாருக்கு? இங்கே வசித்த ஐரோப்பிய பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு மட்டும்! இந்தியர்கள் விரும்பினால் சேரலாம், அவ்வளவுதான்.

இதை இரக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அதே போருக்கு பஞ்சாபில் மாவட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குக் கட்டி, கிராமம் கிராமமாக நெருக்கி ஆள் பிடித்தார்கள். கசக்கிப் பிழியத் தயங்கவில்லை, சட்டம் போட்டுக் கூப்பிடத்தான் தயங்கினார்கள். ஏனென்றால் 'இது உன் கடமை' என்று ஒருவனிடம் சட்டமாகச் சொன்னால், 'அப்போது என் உரிமை எங்கே?' என்று அவன் திருப்பிக் கேட்பான். தவிர, எல்லோர் கையிலும் துப்பாக்கியைக் கொடுக்க அவர்களுக்கு மனசு வரவில்லை. 1857 மறக்கக்கூடிய வருடமா என்ன?

தமிழனுக்கு இதில் இன்னொரு அடி. 1880-களில் மெட்ராஸ் படைக்குத் தலைமை வகித்து, பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியான ராபர்ட்ஸ் துரை, தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டினார். மெட்ராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. சாப்பர்ஸ் மட்டும் தப்பித்தது. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோதுதான் மறுபடியும் கதவு திறந்தது. அந்தப் போரில், 1944 பிப்ரவரி 24 அன்று, இத்தாலியில் வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றிச் செத்தவர் சுபேதார் சுப்ரமணியன், நம் மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர். செத்த பிறகு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். லாயக்கில்லாத தெற்கத்தியான்!

கொரியாவிலும் இதே நாடகம் நடந்திருக்கிறது. அப்போது அது ஜப்பானின் காலனி. ஜப்பான்காரன் ரொம்ப காலம் கொரியர்களைப் படையில் நம்பவில்லை. 1938-ல் விருப்பப்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டான். போர் கைமீறிப் போன பிறகு, 1944-ல்தான் கட்டாயமாக இழுத்தான். சுதந்திரக் கொரியாவும் சுத்தம் என்று சொல்ல முடியாது. பார்த்தாலே கலப்பினம் என்று தெரிகிற பையன்களை 2011 வரை படைக்குக் கூப்பிடாமல் ஒதுக்கி வைத்திருந்தது.

சிங்கப்பூருக்கு வருவோம். 1954-ல் பிரிட்டிஷ் அரசு இங்கே கட்டாயப் பதிவுக்கு உத்தரவு போட்டபோது சீனப் பள்ளி மாணவர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். மே 13 அன்று போலீஸோடு பெரிய மோதல். 'உன் ஆட்சியைக் காப்பாற்ற நான் ஏன் சாக வேண்டும்?' என்பதுதான் கேள்வி. 1965-ல் தனி நாடானபோது கையில் இருந்தது இரண்டே பட்டாலியன். லீ குவான் யூ முதலில் உதவி கேட்டவர்களில் நம் லால் பகதூர் சாஸ்திரியும் ஒருவர். வாழ்த்து வந்தது, பயிற்சி வரவில்லை. பிறகு இஸ்ரேல்காரர்கள்தான் வந்தார்கள். வெளியே தெரியாமல் இருக்க அவர்களுக்கு 'மெக்சிகர்கள்' என்று பெயர் :-)

1967 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. சுமார் 9,000 இளைஞர்கள் பதிவுக்கு அழைக்கப்பட்டார்கள், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முழுநேரப் படைக்குப் போனது. 1954 போல ஊர் எரியவில்லை. இந்தத் தடவை கூப்பிட்டது சொந்த அரசாங்கம். ஆனால் இங்கேயும் ஒரு நெருடல் உண்டு. ஆரம்ப வருடங்களில் மலாய் இளைஞர்களில் பெரும்பாலோர் அழைக்கப்படவில்லை. தப்பித்தோம் என்று அவர்கள் கொண்டாடவில்லை. படை முடித்தாயா என்று கேட்கிற முதலாளியிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் வேலைக்கு அலைந்தார்கள்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். கட்டாயப்படுத்துவதற்கும் ஒரு நம்பிக்கை வேண்டும். 'நீ எங்களில் ஒருவன்' என்று ஒத்துக்கொண்டவனைத்தான் ஒரு நாடு கட்டாயமாகக் கூப்பிடுகிறது. விதிவிலக்கு பல சமயம் சலுகை அல்ல, சந்தேகம்.

நம் அரசியல் சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. 23-வது பிரிவு கொத்தடிமை வேலையைத் தடை செய்கிறது. ஆனால் பொதுக் காரியத்துக்காக அரசு கட்டாயச் சேவை கேட்கலாம் என்று அதிலேயே இடம் விட்டிருக்கிறார்கள். ஒரே நிபந்தனை: மதம், இனம், ஜாதி, வர்க்கம் பார்க்கக் கூடாது. அந்த இடத்தை வைத்து நாடு முழுக்கப் படைக்கு ஆள் கூப்பிட இதுவரை தேவை வரவில்லை. 2022-ல் அக்னிபாத் வந்தபோது வட நாட்டில் ரயிலைக் கொளுத்தியவர்கள் கேட்டது 'நான்கு வருடம் மட்டும் போதாது, நிரந்தரமாக எடுத்துக்கொள்' என்பதை. சிங்கப்பூர் பையனுக்கு இதைப் புரிய வைக்க ஒரு நாள் போதாது.

இவ்வளவும் எனக்கு வெறும் சரித்திரம் அல்ல. இங்கே நிரந்தரவாசம் வாங்கிய அப்பாவுக்குப் படைச் சேவை கிடையாது. அவர் பேரில் நிரந்தரவாசம் பெற்ற மகனுக்கு உண்டு. 13 வயதிலிருந்து நீண்ட நாள் வெளிநாடு போனால் அனுமதி வாங்க வேண்டும். சேவை செய்யாமல் ஓடினால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை. நிரந்தரவாசத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாலும், பிற்காலத்தில் படிக்கவோ வேலைக்கோ வரும்போது அது குறுக்கே நிற்கலாம். ஆக, பாரத்தில் கையெழுத்துப் போடுவது அப்பா, பட்டாளத்துக்குப் போவது பிள்ளை.

என் பையனுக்கு இப்போது பதினொன்று. போ என்றும் போகாதே என்றும் நான் அவனுக்குச் சொல்லப் போவதில்லை. ஆனால் பதினாறு வயதில் அரசாங்கக் கடிதம் வந்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது. இந்த விடுமுறையில் அவனை உட்கார வைத்து, சுப்ரமணியன் கதையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். அவர் விரும்பிப் போனவர். இவனைச் சட்டம் கூப்பிடும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று அவன்தான் சொல்ல வேண்டும்.