அப்பா பிடிச்ச சுருட்டும் மாப்ளே கொண்டு வந்த சிகாரும்

காப்பிப் பழம் எடுத்து முடிச்சாச்சு. மிளகுக்கு ஏணி சாத்த இன்னும் ஒரு வாரம் இருக்கு. நடுவுல கொஞ்சம் கை சும்மா இருந்த நேரத்துல, துபாயில வேலை பாக்குற என் தங்கச்சி மகன் லீவுக்கு ஏற்காடு வந்தான். வந்தவன் பெட்டியைத் திறந்து, கண்ணாடிக் குழாய்க்குள்ள வெச்ச ஒரு சிகாரை எடுத்துக் காட்டினான்.

"கியூபா சிகாரா மாப்ளே?"ன்னேன்.

"இல்ல மாமா, இது நிகரகுவா. இப்போ கியூபாவுக்குச் சமமா இதுக்கும் மவுசு" என்றான். விலையைச் சொன்னான். ஒரு கிலோ மிளகு வித்தாலும் அந்தக் காசு வராது. அப்படி இதுல என்னதான் இருக்குன்னு எனக்கும் ஆசை வந்துடுச்சு. நான் பீடி, சிகரெட் எதுவும் தொடாதவன். அதுக்கு ஒரு காரணம் இருக்கு, கடைசியில சொல்றேன்.

சிகாரை எப்படி மதிப்புப் போடுறதுன்னு அவன் ஒரு பாடமே நடத்தினான். முதல்ல கண்ணு. மேல சுத்தியிருக்குற போர்வை இலையில தடிச்ச நரம்பு இருக்கக் கூடாது, கிழிசல் கூடாது, எண்ணெய் தடவின மாதிரி ஒரு மினுக்கம் வேணும். அடுத்து விரல். ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் மெதுவா அழுத்திக்கிட்டே போகணும். கட்டியா இருந்தா புகை வராது. பொதபொதன்னு இருந்தா சீக்கிரம் எரிஞ்சு வாயைச் சுடும். மூணாவது மூக்கு, அதுவும் பத்த வைக்கறதுக்கு முன்னாடியே. பத்த வெச்ச பிறகு நெருப்பு ஒரு பக்கமா ஓடாம வட்டமா இறங்குதா, சாம்பல் உதிராம கெட்டியா நிக்குதான்னு பாக்கணும். புகையை நெஞ்சுக்குள்ள இழுக்கக் கூடாது, வாயிலயே வெச்சிருந்து விட்டுடணும். முதல் மூணுல ஒரு பங்கு ஒரு ருசி, நடுப்பங்கு ஒரு ருசி, கடைசிப் பங்கு இன்னொரு ருசியாம்.

அப்புறம் போனைப் பார்த்து வாசிச்சான்: "கோகோ, பதப்படுத்தின தோல், தேவதாரு, கருமிளகு." மிளகுன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

நான் கையில வாங்கி மோந்து பார்த்தேன். எனக்குக் கோகோவும் தெரியல, தேவதாருவும் தெரியல. வெல்லம் காய்ச்சுற கொட்டகை வாசனை வந்துச்சு. அதுக்குப் பின்னாடி ஈரம் பட்ட வைக்கோல் போர், பழைய சணல் சாக்கு. எங்கேயோ தெரிஞ்ச வாசனையா இருக்கேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். அப்புறம்தான் பிடிபட்டுச்சு. "மாப்ளே, இது உங்க தாத்தா சுருட்டு வாசனைடா. குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு, அவ்வளவுதான்" என்றேன்.

எங்க அப்பா எஸ்டேட் வேலைக்காரர். கூலி வாங்கின அன்னிக்கு சந்தையில ஒரு கட்டுச் சுருட்டு வாங்குவார். சும்மா வாங்க மாட்டார். கட்டுல இருந்து ஒண்ணை உருவி காதுகிட்ட வெச்சு ரெண்டு விரல்ல உருட்டுவார். மொறுமொறுன்னு சத்தம் கேட்டா காஞ்சு போன சரக்கு, வேண்டாம். அப்புறம் மோந்து பார்ப்பார். "மூத்திர நாத்தம் அடிக்குது, இது புது இலை, தொண்டையை அறுக்கும்"னு திருப்பி வெச்சுடுவார். கடைக்காரர் முனகிக்கிட்டே உள்ள இருந்து வேற கட்டு எடுத்துட்டு வருவார்.

அந்த நாத்தத்துக்குக் காரணம் எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு. புகையிலையைப் பறிச்சு உலர்த்தின பிறகு அம்பாரமாப் போட்டு வைப்பாங்க. நம்ம எருக்குழி மாதிரியே உள்ள சூடு ஏறும். பிரிச்சு, புரட்டி, மறுபடி அடுக்கணும். அந்தச் சூட்டுலதான் இலையில இருக்குற அமோனியா வெளியே போகும், காரம் தணியும், நிறம் கறுக்கும். அவசரப்பட்டு எடுத்தா அமோனியா உள்ளேயே தங்கிடும். இன்னிக்கு நிகரகுவாவுல ஒருத்தர் மோந்து பார்த்துச் சொல்றதைத்தான் பள்ளிக்கூடம் போகாத எங்க அப்பா சந்தையில நின்னுக்கிட்டுச் சொல்லியிருக்கார்.

இனி கொஞ்சம் வரலாறு. புகையிலை நம்ம ஊருச் செடி இல்ல. மிளகாய் மாதிரியே அமெரிக்கக் கண்டத்துல இருந்து போர்ச்சுகீசியர் கப்பல்ல வந்தது. பழைய சென்னை மாகாணத்துப் புகையிலை ரகங்களுக்கு ஊசிக்கப்பல், வட்டக்கப்பல்னு பேரு இருந்துச்சு. வந்த வழி பேருலயே ஒட்டிக்கிட்டு இருக்குன்னு நான் நினைச்சுக்குவேன். 1617-ல ஜஹாங்கீர் பாதுஷா புகையிலைக்குத் தடை போட்டார், யாரும் கேட்கல. இலைதான் வெளியூரு, ஆனா அதைச் சுருட்டினதுக்குப் பேரு வெச்சது நாம. இங்கிலீஷ்ல 'செரூட்'னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, அது நம்ம 'சுருட்டு'தான். அகராதியிலயே அப்படித்தான் போட்டிருக்கு.

இலை விளைஞ்சது திண்டுக்கல் பக்கம், சுருட்டினது திருச்சி உறையூர்ல. வெல்லத் தண்ணியும் பழச்சாறும் தெளிச்சுப் பதம் பண்ணி, வீடு வீடா உக்காந்து கையாலயே சுருட்டுவாங்க. ரெண்டு முனையும் திறந்திருக்கும், நறுக்க வேண்டிய வேலையே இல்ல. வெள்ளைக்காரன் இதை 'ட்ரிச்சினாப்போலி'ன்னு சொல்லிப் பிடிச்சான், ஊருக்கும் அனுப்பினான். லண்டன்ல இந்தப் பேரு எவ்வளவு பழக்கம்னா, 1887-ல வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில கொலைகாரன் பிடிச்சது திருச்சிச் சுருட்டு. கீழே கிடந்த சாம்பலோட கறுப்பு நிறத்தையும் அது செதிலா உதிர்ந்ததையும் வெச்சே ஹோம்ஸ் கண்டுபிடிச்சிடுவார். மாப்ளே சாம்பலைப் பார்க்கச் சொன்னப்போ எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் கதைதான்.

மெட்ராஸ்ல 1860-கள்ல கடை ஆரம்பிச்ச ஸ்பென்சர் கம்பெனி, அந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ள திண்டுக்கல்லுல சுருட்டுத் தொழிற்சாலையே வெச்சு நடத்துச்சு. சர்ச்சில் சின்ன வயசுல, 1896-ல குதிரைப்படை அதிகாரியா பெங்களூருக்கு வந்தவர். பின்னாடி யுத்த காலத்துல அவர் வாயில இருந்தது எங்க ஊரு சுருட்டுதான்னு திருச்சிக்காரங்களும் சொல்வாங்க, திண்டுக்கல்காரங்களும் சொல்வாங்க. நான் ரெண்டு பேரையும் மறுத்துப் பேசுறதில்ல.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1948-ல வேடசந்தூர்ல சிகார், சுருட்டுப் புகையிலைக்குன்னே மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சுது. ஆனா அதுக்குள்ள காலம் மாறிப்போச்சு. துரைமார் கப்பல் ஏறிட்டாங்க. பணம் இருக்குறவன் சிகரெட்டுக்குப் போனான், இல்லாதவன் பீடிக்குப் போனான். சுருட்டு கிழவங்களோட சாமான் ஆயிடுச்சு.

அதே சமயத்துல கியூபாவுல நடந்ததைப் பாருங்க. 1960-ல காஸ்ட்ரோ அரசாங்கம் சிகார் கம்பெனிகளை எடுத்துக்கிச்சு. 1962 பிப்ரவரியில அமெரிக்கா கியூபா சரக்குக்குத் தடை போட்டுச்சு. கென்னடி, தன் செயலாளர் 1,200 கியூபா சிகார் வாங்கிட்டு வந்த மறுநாள்தான் கையெழுத்துப் போட்டாராம், அந்தச் செயலாளரே பின்னாடி எழுதியிருக்கார். தொழில் தெரிஞ்ச குடும்பங்கள் விதையும் கைப்பழக்கமும் மட்டும் வெச்சுக்கிட்டு டொமினிகன் குடியரசு, ஹோண்டுராஸ், நிகரகுவான்னு போய்ப் புது மண்ணுல ஆரம்பிச்சாங்க. எங்க விளைஞ்ச இலை, எந்த விதை, எத்தனை வருஷம் ஊற வெச்சது, யாரு சுருட்டினதுன்னு பட்டையிலயும் பெட்டியிலயும் எழுதினாங்க. கோகோ, தோல், மிளகுன்னு ருசிக்கு அவங்களே பேரு வெச்சாங்க. அறுபது வருஷத்துல கியூபா இல்லாத சிகாருக்கும் ஒரு மரியாதை வந்துடுச்சு.

நம்ம கிட்ட இலை இருந்துச்சு, கை இருந்துச்சு, மோந்து பார்த்தே ரகம் சொல்ற மூக்கும் இருந்துச்சு. ஆனா எந்தத் தோட்டம், எந்தக் கிணறுன்னு கட்டுல யாரும் எழுதல. இத்தனைக்கும் கிணறு முக்கியம். உப்புத் தண்ணி பாய்ச்சின இலை சுருட்டுல சரியா எரியாது, அணைஞ்சு அணைஞ்சு போகும். அது தெரிஞ்ச விவசாயிக்கு அதுக்குத் தனி விலை கிடைச்சிருக்கணும். ருசியைச் சொன்னது வாங்கினவன், விலையைச் சொன்னதும் அவனேதான்.

காப்பிக்காரன் எதுக்கு இவ்வளவு புலம்புறான்னு நினைக்காதீங்க. 1820 வாக்குல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலையில காப்பியைக் கொண்டு வந்தார். இருநூறு வருஷம் ஆச்சு. நான் விவசாயத்துக்கு வந்தப்போ எல்லார் காப்பியும் காப்பி போர்டுக்குப் போய் ஒண்ணாக் கலந்துடும். 1990-கள்ல அது படிப்படியா நின்னு, நாமளே வித்துக்கலாம்னு ஆச்சு. அப்பவும் என் காப்பியை நான் ருசி பார்த்து வித்ததில்ல. ஈரப்பதம் எவ்வளவு, ஓடு போக எத்தனை கிலோ நிக்கும்னு வியாபாரி சொல்வார், நான் தலையாட்டுவேன். என் வீட்டு அடுப்புல சிக்கரி போட்ட தூள்தான் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு.

மாப்ளே போன மறுநாள் முதல் வேலையா, என் தோட்டத்துக் கொட்டையில கால் கிலோ எடுத்து இரும்புச் சட்டியில வறுத்தேன். சிக்கரி இல்லாம, பால் இல்லாம குடிச்சேன். மேல்காட்டுல பலா நிழல்ல விளைஞ்சது ஒரு ருசி, கீழ்க்காட்டுல சில்வர் ஓக் நிழல்ல விளைஞ்சது வேற ருசி. ஒரு நோட்டுப் போட்டு எழுதி வெச்சிருக்கேன். முதல் வரி: "மேல்காடு. நாரத்தங்காய்த் தோல் வாசனை, கடைசியில வெல்லம்." சரியா தப்பான்னு தெரியாது, ஆனா நான் எழுதினது.

இப்போ அந்தக் காரணம். அப்பாவுக்கு வாய்க்குள்ள ஒரு புண்ணு வந்து ஆறவே இல்ல. சுருட்டுப் புகையை உள்ள இழுக்கறதில்லையே, பீடிக்கு இது தேவலைன்னு சொல்லிக்கிட்டே இருந்தவர். வாயிலயே வெச்சிருந்தாலும் புற்றுநோய் வரும்னு சேலத்துல டாக்டர் சொன்னப்போ காலம் கடந்துடுச்சு. கடைசி மாசம் கஞ்சி கூட இறங்கல. ருசி அவ்வளவு தெரிஞ்ச நாக்கு அது. அதனால மாப்ளே நீட்டின சிகாரை மோந்து பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துட்டேன், பத்த வைக்கல. அவன்கிட்டயும் சொன்னேன், "வாசனையோட நிறுத்திக்கடா கண்ணு." அவன் பதில் சொல்லல, குழாயில போட்டு மூடிட்டான்.

எங்க ஊரு மளிகைக் கடையில இப்பவும் சுருட்டு இருக்கு. பொழுதன்னிக்கும் பிடிக்கறவங்க ஒண்ணு ரெண்டு பேருதான். மத்ததெல்லாம் முனியப்பனுக்குப் படையல். போன அமாவாசைக்கு நானும் ஒரு கட்டு வாங்கினேன். கடைக்காரப் பையன் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்காம, ஒண்ணை உருவிக் காதுகிட்ட வெச்சு உருட்டினேன். மொறுமொறுன்னு கேட்டுச்சு. "தம்பி, இது காஞ்ச சரக்கு, வேற கட்டு எடு"ன்னேன்.

"சாமிக்குத்தானேண்ணே?" என்றான்.

"சாமிக்குத்தான்டா, அதனாலதான்" என்றேன். உள்ள போய் வேற கட்டு எடுத்துட்டு வந்தான்.