வளர்த்தவன் பெயர் என்ன?

"தோல் சீவித் தரட்டுமா சார்?" என்கிறார் பழக்கடைக்காரர். நாம் தலையாட்டியதும் அன்னாசியின் பச்சைக் கொண்டை 'சரக்'கென்று வெட்டுப்பட்டுக் குப்பைக்கூடைக்குப் போகிறது.

அவசரப்படாதீர்கள்! அந்தக் கொண்டையை வளர்த்துக் காய்க்க வைக்கப் பணத்தைத் தண்ணீராக இறைத்த சீமான்கள் உண்டு.

1493-ல் கொலம்பஸ் தன் இரண்டாவது பயணத்தில் குவாதலூப் தீவில் இறங்கியபோதுதான் ஐரோப்பியர்கள் இந்தப் பழத்தைச் சந்தித்தார்கள். தென்னமெரிக்கப் பழங்குடிகளின் சொல் போர்ச்சுகீசியர் வாயில் 'அனனாஸ்' ஆனது. பழத்தோடு பெயரையும் அவர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நம் நாக்கில் அது 'அன்னாசி'!

இங்கே சிக்கலில்லை. மண்ணில் குத்தி வைத்தால் போதும், வளர்ந்துவிடும். ஆனால் இங்கிலாந்துக் குளிரில்? கப்பலில் வந்த பழங்களோ பெரும்பாலும் வழியிலேயே அழுகின. அதனால் எக்கச்சக்க விலை! விருந்து மேஜையில் சும்மா அலங்காரத்துக்கு வைக்க, வாடகைக்குக்கூட எடுத்தார்களாம்.

லண்டனுக்கு அருகே ரிச்மண்டில் மாத்யூ டெக்கர் என்ற பணக்கார வியாபாரி, வீட்டுத் தோட்டத்திலேயே அன்னாசி விளைவித்துக் காட்டினார். 'காட்டினார்' என்றால்... உழைத்தது தோட்டக்காரர் ஹென்றி டெலெண்டே!

பெரிய குழி. அடியில் குதிரைச் சாணம். அதன் மேல், தோல் பதனிட்டு முடித்த மரப்பட்டைச் சக்கை. சாணம் சட்டென்று சூடாகிச் சீக்கிரம் ஆறிவிடும். பட்டைச் சக்கையோ நிதானமாகப் புளித்து, மாதக்கணக்கில் இதமான சூட்டைத் தரும். அதற்குள் தொட்டிகளைப் புதைத்து, மேலே கண்ணாடி மூடி. சூடு அதிகமானால் வேர் வெந்துபோகும். குறைந்தால் செடி செத்துவிடும். குளிர்காலத்தில் அடுப்பு மூட்டிய கண்ணாடி வீட்டுக்கு மாற்ற வேண்டும். ஒரு பழத்துக்காக வருடக்கணக்கில் இந்தப் பாடு!

டெக்கர் பூரித்துப்போனார். அந்த அன்னாசியை தியோடோரஸ் நெட்ஷர் 1720-ல் ஓவியமாக வரைந்தார். கூடவே லத்தீனில் ஒரு வாசகம்: செலவு செய்த டெக்கரையும், வரைந்த நெட்ஷரையும் புகழ்கிறது. வளர்த்தவர்? மூச்சு! நல்லவேளை, தாவரவியலாளர் ரிச்சர்ட் பிராட்லி செய்முறையோடு டெலெண்டேயின் பெயரையும் எழுதி வைத்தார்.

பிறகு நீராவிக் கப்பல்கள் வந்தன. ஹவாயிலிருந்து டின்களில் அன்னாசி வந்தது. சாணக் குழிகள் மதிப்பிழந்தன.

கார்ன்வாலில் ஹெலிகன் என்ற எஸ்டேட்டிலும் இப்படியொரு அன்னாசிக் குழி. அங்கே வேலை செய்த தோட்டக்காரர்கள் 1914 ஆகஸ்ட்டில், தங்கள் கழிப்பறைச் சுவரில் பென்சிலால் பெயர்களை எழுதினார்கள். முதல் உலகப்போர் ஆரம்பித்திருந்தது. போருக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. தோட்டம் புதர் மண்டியது. 1990-களில் புதரை வெட்டி உள்ளே போனவர்கள், சுவரில் அந்தப் பெயர்களைப் பார்த்தார்கள். குழியைச் செப்பனிட்டு, பழையபடி சாணம் நிரப்பினார்கள். 1997-ல் மறுபடி அன்னாசி பழுத்தது!

நமக்குச் சாணக் குழி வேண்டாம், வெயிலே போதும். கொண்டையைத் திருகி எடுத்து, ஒட்டியிருக்கும் சதையையும் அடி இலைகளையும் நீக்கி, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டு, தண்ணீர் தேங்காத தொட்டியில் நடுங்கள். இரண்டு வருடம், சில சமயம் அதற்கு மேலும் பொறுமை தேவை.

பழுத்ததும் பக்கத்து வீட்டுக்குத் துண்டு போட்டுக் கொடுங்கள். "யார் வளர்த்தது?" என்று கேட்பார்கள். கூச்சப்படாமல் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். ஓவியத்தில் டெலெண்டேவுக்குக் கிடைக்காத மரியாதை அது!