சட்டாம்பிள்ளையா, கங்காணியா, அண்ணனா?

ஏ.எல். ரிசல்ட்ஸ் வந்தால் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேடல் தொடங்கும். "உங்க டிவிஷன்ல யாராச்சும் கெம்பஸ் போயிருக்காங்களா?" கொட்டியாகலையிலிருந்து கெம்பியன் வரைக்கும் இதே கேள்விதான். அம்மா கொழுந்து மலையில், அப்பா கொழும்பில் வேலை. யூ.ஜி.சி. விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று வீட்டில் கேட்க ஆள் இல்லை. அதனால் நம்ம பிள்ளைகளுக்கு சீனியர் ஒருத்தரின் வார்த்தைதான் வேதம்.

இவ்வளவு பெரிய அதிகாரம் இருபத்திரண்டு வயசுக்காரர் கையில் வந்து விழுகிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது? பெரிய மாணவர் சின்ன மாணவருக்கு வழிகாட்டும் இந்த உறவுக்கு ஒரு பழைய வரலாறு இருக்கு. அதை ஒருமுறை திரும்பிப் பார்த்தால் பதிலும் அதற்குள்ளேயே கிடைக்கும் என்று நினைக்கிறோம்.

முதலில் திண்ணைப் பள்ளிக்கூடம். அங்கே வாத்தியாருக்கு அடுத்த இடம் சட்டாம்பிள்ளைக்கு. அவனும் மாணவன்தான். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பான், ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பான், யார் வரவில்லை என்று பார்ப்பான். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் பொறுப்பாக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதையே தன் பள்ளியிலும் செய்ய விரும்பினார். அவருடைய ஆசிரியர்கள் மசியவில்லை. அதனால் ஜோன் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் கீழ் வகுப்பை ஒப்படைத்தார். பையன் செய்து காட்டிவிட்டான்! 1797இல் பெல்லின் அறிக்கை லண்டனில் அச்சானது. 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஜோசப் லங்காஸ்டரும் இதேபோன்ற முறையில் லண்டன் சவுத்வார்க்கில் பள்ளி நடத்தினார்.

பெருமைப்படலாம். ஆனால் அந்த முறை அவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணம் அது மலிவு என்பதுதான். ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம். பெரிய மாணவனின் வேலை சொன்னதைத் திருப்பிச் சொல்வது, சரிபார்ப்பது. எதிரில் இருக்கும் பிள்ளைக்கு என்ன புரியவில்லை என்று கேட்பது அவன் வேலையில் இல்லை. நம்ம மொழியில் 'சட்டாம்பிள்ளைத்தனம்' என்ற சொல்லுக்கு இன்றைக்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்க.

இரண்டாவது ஆள் கங்காணி. அவரும் நம்மில் ஒருவர்தான். சொந்த ஊரிலேயே ஆள் சேர்த்தார், வழிகாட்டிக் கூட்டிவந்தார், பாஷை தெரியாத மலையில் துரைக்கும் நமக்கும் நடுவில் நின்றார். ஆனால் அந்த உதவி கடனாகக் கணக்கில் ஏறியது. கடன் தீரும்வரை வேறு தோட்டம் போக முடியாதபடி கட்டிப்போட்டது 'துண்டு' முறை. 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. நம்மில் ஒருவராக இருந்தால் மட்டும் நல்ல வழிகாட்டி ஆகிவிட முடியாது என்பதற்கு நம்ம கொள்ளுப்பாட்டன் பாட்டிமார் பட்டதே சாட்சி.

தோட்டத்தில் கல்வி பிந்தியே வந்தது. 1907, 1920 கல்விச் சட்டங்கள் தோட்டப் பிள்ளைகளின் படிப்பை நிர்வாகத்தின் பொறுப்பாக்கின. நடைமுறையில் பெரும்பாலும் ஒற்றை அறை, ஒற்றை ஆசிரியர். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் அதன் பலன் லயத்துப் பிள்ளைகளைப் போய்ச் சேரவில்லை. 1970களில்தான் அரசு தோட்டப் பாடசாலைகளைக் கையேற்கத் தொடங்கியது.

அதற்கு முன்பே ஹட்டனில் வேறொன்று நடந்தது. பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் பெற்றுத் திரும்பிய இர. சிவலிங்கம் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் பிறகு அதிபராகவும் இருந்தார். 1948 குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்கள் ஆக்கியிருந்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. 'படிச்சு என்ன ஆகப்போகுது?' என்ற கேள்வி நியாயமாகவே ஒலித்த அந்தக் காலத்தில் அவர் இளைஞர்களைச் சேர்த்து அமைப்புகள் கட்டினார். 'மலையகத்தான்' என்று தலைநிமிர்ந்து சொல்ல ஒரு தலைமுறைக்குத் துணிவு கொடுத்தார். அப்படி வளர்ந்தவர்கள் பலர் தாங்களும் ஆசிரியர்களாகி அடுத்த பிள்ளைகளிடம் போனார்கள். இங்கே கடன் பின்னால் திருப்பிக் கேட்கப்படவில்லை, முன்னால் கைமாறியது.

இனி நம்ம காலம். 1997இல் பேராதனையில் பகிடிவதைக்கு ஆளான பொறியியல் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அடுத்த வருஷமே பகிடிவதைத் தடைச் சட்டம், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், வந்தது. ஆனாலும் 'எங்களுக்கும் சீனியர்ஸ் இப்படித்தான் செஞ்சாங்க' என்ற பேச்சு ஓயவில்லை. நோட்ஸ் கொடுக்கிறோம், போடிங் தேடிக் கொடுக்கிறோம், பதிலுக்கு அடங்கி நட என்பது துண்டு முறை இல்லாமல் வேறென்ன?

அப்படியானால் அண்ணனாக, அக்காவாக இருப்பது எப்படி? விண்ணப்பத்திலிருந்தே தொடங்கலாம். 'இந்தக் கோர்ஸைப் போடு' என்று சொல்வது சட்டாம்பிள்ளை வேலை. அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டத்துக்கு, 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு, அந்தப் பதினாறில் நுவரெலியாவும் ஒன்று. இதை விளக்கி, போன வருஷ இசட் ஸ்கோரைப் பக்கத்தில் வைத்து, முடிவைத் தம்பி தங்கச்சியிடமே விடுவதுதான் வழிகாட்டல்.

கெம்பஸ் போன பிறகு முதல் மாதங்கள்தான் கஷ்டம். ஆங்கில விரிவுரை புரியாது. மகாபொல காசு கைக்கு வரும்வரை சாப்பாட்டுக்கே கணக்குப் பார்க்கணும். 'எனக்கும் முதல் செமஸ்டர்ல ஒன்னும் விளங்கல' என்று ஒரு சீனியர் சொன்னாலே பாதிப் பாரம் இறங்கும். பாடம் சொல்லித்தருவதற்கு முன்னால் கேளுங்க: சாப்பிட்டியா, வீட்டுல எப்படி, எங்க இடிக்குது? ஒரு தடவை கேட்டுவிட்டு மறக்காமல் அடுத்த வாரமும் கேளுங்க.

எல்லாவற்றையும் தனியாகத் தாங்கவும் வேண்டாம். ஒரு ஜூனியர் உயிரை வெறுத்துப் பேசினால் அது நம் ரெண்டு பேருக்குள் வைக்கிற ரகசியமில்லை. மாணவ ஆலோசகரிடம் கூடவே போங்க. தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம். நம்மால் முடியாததை முடியும் ஆளிடம் சேர்ப்பதும் வழிகாட்டலில் சேரும்.

இந்த வருஷமும் நம்ம பக்கத்திலிருந்து சிலர் பெட்டி கட்டப் போகிறார்கள். நாம் தேடிப்போய் நம்பர் கொடுப்போம். செய்த உதவியைக் கணக்கில் எழுத வேண்டாம். அடுத்த வருஷம் வரும் பிள்ளைக்கு அவர்கள் செய்தால் போதும்.