பந்து விழும் பை: பில்லியர்ட்ஸ் மேசையைக் காத்த கைவினையின் வரலாறு

பில்லியர்ட்ஸ் மேசையில் முதலில் பழுதாகும் உறுப்பு அதன் பை. முழு அளவு மேசை 12 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்டது. நான்கு மூலைகளில் நான்கு பைகளும், நீளப் பக்கங்களின் நடுவில் இரண்டு பைகளுமாக மொத்தம் ஆறு. துணிக்கு அடியிலுள்ள சிலேட்டுக் கல் நூறாண்டு கடந்தும் நிற்கும். தேக்கிலோ மஹோகனியிலோ செய்த சட்டமும் கால்களும் அப்படியே. ஆனால் அடிக்கும் பந்தெல்லாம் கடைசியில் போய்ச் சேருமிடம் பை என்பதால், மேசை தாங்கும் அடிகளில் பெரும்பங்கு அந்த ஆறு இடங்களில்தான் விழுகிறது. அந்தத் தேய்மானத்தைக் கட்டுக்குள் வைக்கத் தச்சரும் தோல் வேலைக்காரரும் கிளப் ஊழியரும் கண்ட வழிகளுக்கு இரண்டு நூற்றாண்டு வரலாறு உண்டு. அதன் முக்கியமான ஒரு திருப்பம் நீலகிரியில் நிகழ்ந்தது.

புல்வெளியில் கோலால் பந்து தள்ளி ஆடிய ஆட்டம் ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில் வீட்டுக்குள் வந்து மேசை ஏறியது. பிரான்சின் மன்னர் பதினோராம் லூயியிடம் அத்தகைய மேசை இருந்தது. அந்தக் கால மேசைகள் மரப்பலகையால் ஆனவை. ஓரச் சுவர்களில் துணியையோ குதிரை முடியையோ திணித்திருந்தார்கள். பந்து மெதுவாகவே ஓடியதால் பைக்கு அதிக வேலை இல்லை. 1826இல் லண்டனின் ஜான் தர்ஸ்டன் மரப்பலகைக்குப் பதில் சிலேட்டுக் கல்லைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1835இல் ஓரச் சுவருக்கு ரப்பர் வந்தது. அந்த ரப்பர் குளிரில் இறுகிப் போனதால், ஆட்டத்துக்கு முன் வெந்நீர்க் கலங்களை வைத்துச் சூடேற்ற வேண்டியிருந்தது. 1845இல் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் வந்ததும் இந்தக் குறை தீர்ந்தது. கல் வந்ததால் பந்து வேகமாக ஓடியது; ரப்பர் வந்ததால் வேகம் குறையாமல் திரும்பியது. இரண்டும் சேர்ந்து பையின் மேல் விழும் அடியைப் பலமடங்கு கூட்டின.

அந்த அடியைத் தாங்கப் பையை நான்கு உறுப்புகளாகப் பிரித்துச் செய்தார்கள். முதலாவது கல்லின் விளிம்பு. பந்து உள்ளே சரியும் இடத்தில் கல்லை வளைவாக வெட்டி, முனை மழுங்க இழைத்து, அதன் மேல் கம்பளித் துணியை இழுத்து அடியில் ஆணியடிப்பார்கள். விளிம்பு கூராக இருந்தால் துணி சில மாதங்களில் அறுந்துவிடும். இரண்டாவது பையின் இருபுறமும் உள்ள ரப்பர் முனைகள். மூன்றாவது பின்புறத்தை வளைத்து நிற்கும் உலோக வளையம். பந்து உலோகத்தில் நேரடியாக மோதாதபடி அதற்குத் தோல் போர்த்துவார்கள். தோலை ஈரமாக்கி, வளையத்தின் மேல் இறுக இழுத்து, பந்து தொடாத கீழ்ப்புறத்தில் தைப்பார்கள். காய்ந்ததும் அது வளையத்தோடு ஒட்டி இறுகிவிடும். நான்காவது, நூலால் பின்னித் தோலோடு கோத்த வலை. விழும் பந்தின் வேகத்தைக் கடைசியாக வாங்கிக்கொள்வது இதுதான்.

இந்த அமைப்பின் தத்துவம் எளிது. விலை மிகுந்தவை கல்லும் ரப்பரும் பந்தும். விலை குறைந்தவை துணியும் தோலும் வலையும். விலை குறைந்தது முதலில் தேய வேண்டும். தேய்ந்ததும் அதை மட்டும் மாற்ற முடிய வேண்டும். அக்காலப் பந்துகள் யானைத் தந்தத்தால் ஆனவை. பதமற்ற மோதலில் செதில் பெயரும். ஆகவே தோலும் வலையும் பையைக் காத்ததோடு பந்தையும் காத்தன.

பை தேய்ந்தால் ஆட்டமும் மாறும். விளிம்புத் துணி நைந்துபோனால் வாயருகே நிற்க வேண்டிய பந்து உள்ளே சரிந்துவிடும். தோல் காய்ந்து கெட்டியானால் சரியாக விழ வேண்டிய பந்து எகிறி வெளியே வரும். பை வாயின் அகலமும் அப்படியே ஆட்டத்தை மாற்றும். 19ஆம் நூற்றாண்டில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் சிவப்புப் பந்தை அதே புள்ளியிலிருந்து அதே இரண்டு பைகளில் திரும்பத் திரும்ப வீழ்த்திப் புள்ளிகளைக் குவித்தார்கள். அதைக் கடினமாக்க, 1870இல் வில்லியம் குக்கும் மூத்த ஜான் ராபர்ட்ஸும் மோதிய ஆட்டத்துக்குப் பையின் வாயை 3 அங்குலமாகக் குறுக்கினார்கள். 1885இல் பிரிட்டனில் பில்லியர்ட்ஸ் சங்கம் உருவானது. பின்னர் 1892இல் பையின் வாயை அளக்கும் அச்சு அளவுகளை அது வகுத்தது. அதன் பிறகு பையைப் பேணுவது மேசையின் ஆயுளுக்கு மட்டுமல்லாமல் ஆட்டத்தின் நேர்மைக்கும் தேவையாயிற்று.

பைகளின் பாரத்தைக் கூட்டிய அடுத்த மாற்றம் இந்தியாவில் பிறந்தது. 1875இல் ஜபல்பூரில் மழைக்காலத்து ராணுவ விடுதியில் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி, பதினைந்து சிவப்புப் பந்துகளோடு ஆடிய பிரமிட் ஆட்டத்தில் பல நிறப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார். பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான அதே பெயர்க்காரர் வேறு. சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி பிரெடெரிக் ராபர்ட்ஸிடம் பணியாற்றிய சேம்பர்லேன், தளபதியோடு சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரான, நீலகிரியிலுள்ள உதகமண்டலத்துக்கு வந்தார். 1841இல் தொடங்கிய ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் 1882இல் இந்தப் புதிய ஆட்டத்தின் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. ஸ்னூக்கர் என்ற பெயர் பெற்ற இந்த ஆட்டம் அங்கிருந்துதான் பிற கிளப்புகளுக்குப் பரவியது. 1885இல் கல்கத்தாவில் சேம்பர்லேனைச் சந்தித்த இளைய ஜான் ராபர்ட்ஸ் அதை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார்.

பில்லியர்ட்ஸில் மூன்றே பந்துகள், ஸ்னூக்கரில் இருபத்திரண்டு. மேசையைத் துடைத்து முடிக்கும் ஓர் ஆட்டத்தில் பதினைந்து சிவப்பும் ஆறு நிறப் பந்துகளுமாகக் குறைந்தது 21 முறை பந்து பையில் விழும். 147 என்ற உச்ச எண்ணிக்கையை ஒருவர் எட்டினால் 36 முறை விழும். அதிலும் அதிகப் புள்ளியுள்ள கறுப்புப் பந்து மேசையின் மேல்முனையில் நிற்பதால், அந்த முனையின் இரண்டு மூலைப் பைகள்தான் மற்ற நான்கையும் முந்திக்கொண்டு தேய்கின்றன. சிவப்புப் பந்துகள் மீதமிருக்கும்வரை, விழும் நிறப் பந்தை ஒவ்வொரு முறையும் கையால் எடுத்துப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். அந்தக் கை வலைக்குள் போய் வருவதும் ஒரு தேய்மானம்.

இந்தத் தேய்மானத்தோடு தினமும் மல்லுக்கட்டியவர் மார்க்கர். இந்தியக் கிளப்புகளில் புள்ளிக் கணக்கு வைத்து, மேசையையும் பராமரித்த ஊழியருக்கு அதுவே பெயர். அவரது வேலை ஆட்டம் தொடங்கும் முன்பே தொடங்கும். துணியின் மயிரிழை ஆட்டம் தொடங்கும் முனையிலிருந்து கறுப்புப் பந்தின் முனை நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தப் போக்கிலேயே தூரிகையால் பெருக்கி, பின் கனமான இஸ்திரிப் பெட்டியை நேர்கோட்டில் ஓட்டுவார். கோலின் நுனியில் பூசும் சாக்குத்தூள் பை வாயில் சேர்ந்தால் உப்புத்தாள்போல் துணியை அராவும். அதைத் தூரிகையால் எடுத்துவிடுவார். ஆட்டத்தின்போது வலையில் இரண்டு மூன்று பந்துகளுக்கு மேல் தங்கவிட மாட்டார். வலை நிறைந்தால் அடுத்த பந்து முந்தைய பந்தின் மேல் மோதிச் சேதமாகும், அல்லது எகிறித் துணியின் மேல் வந்து விழும். வலை முடிச்சு அவிழ்ந்தால் அன்றே கோப்பார். இவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் இன்றும் ஆடத் தகுதியோடு நிற்கும் பழைய மேசைகள் அவர்களது உழைப்பின் பலன்.

பிரிட்டிஷ் கிளப் வாழ்க்கை கடல் கடந்து மலாயாவின் பினாங்குத் தீவுக்கும் சென்றது. அங்குள்ள ஜார்ஜ் டவுன் நகரில் பினாங்கு கிளப் 1868இல் தோன்றியது. 1885இல் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டல் திறந்தது. உதகையின் குளிருக்கு நேர்மாறான வெப்பமும் ஈரமும் பினாங்கில் ஆண்டு முழுதும் உண்டு. மலைச்சரிவிலிருந்து அருவி இறங்கும் தண்ணீர்மலைப் பக்கத்தில் ஈரம் இன்னும் மிகுதி. இத்தகைய ஊரில் பைக்குப் பந்தின் அடி ஒரு பகை என்றால் பூஞ்சை இன்னொரு பகை. ஈரம் ஏறிய தோலில் பூஞ்சை படரும். நூல் வலை இற்றுப்போகும். துணி கனத்துப் பந்தின் ஓட்டம் மந்தமாகும். தோலை உலர்ந்த துணியால் அடிக்கடி துடைப்பதும், அறையில் காற்று புழங்கவிடுவதும், ஆடாத நேரத்தில் மேசையை மூடி வைப்பதும் அங்கே இஸ்திரி போடுவதைப் போலவே கட்டாயம்.

மேசையின் ஓரச் சுவருக்கு வேண்டிய இயற்கை ரப்பரோடு இந்தத் தீவுக்கு ஆழமான தொடர்பு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா உலகின் முன்னணி ரப்பர் நாடாயிற்று. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் மிகப் பெரும்பங்கு தமிழர்கள். அவர்களில் ஏராளமானோர் கப்பலிலிருந்து முதலில் இறங்கிய கரை பினாங்கு. கிளப் அறைகளின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் உழைப்பும் அந்த விளையாட்டின் வரலாற்றில் சேர்த்து எழுதப்பட வேண்டியது.

தந்தப் பந்துகளின் இடத்தைப் படிப்படியாகச் செயற்கைப் பந்துகள் பிடித்தன. 1860களின் இறுதியில் அமெரிக்காவின் ஜான் வெஸ்லி ஹயட் செல்லுலாய்டால் முதல் வெற்றி கண்டார். இன்று ஃபீனாலிக் பிசினாலான பந்துகளே வழக்கம். செதில் பெயராத பந்து வந்தாலும் பையின் தேவை மாறவில்லை. வலைக்கு அடியில் சாய்வாகத் தண்டவாளம் பொருத்தி, விழுந்த பந்துகள் வரிசையாக வெளியே உருளச் செய்த ஏற்பாடு வலையின் பாரத்தைப் பெரிதும் குறைத்தது. அமெரிக்க பூல் மேசைகளில் தோலின் இடத்தை ரப்பர், பிளாஸ்டிக் கிண்ணங்கள் பிடித்தன. அவை மலிவானவை, ஈரத்துக்கு அஞ்சாதவை. ஆனால் போட்டி ஸ்னூக்கர் மேசைகள் இன்றும் தோலையே நம்புகின்றன. மோதும் பந்தின் வேகத்தைத் தோல் மென்மையாக வாங்கிக்கொள்கிறது.

பழைய மேசை வைத்திருக்கும் கிளப்புகளும் பள்ளிகளும் சங்கங்களும் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுதான். தோல் வெடிப்பதற்கு முன் மாற்றுங்கள். வலை அறுவதற்கு முன் கோத்துவிடுங்கள். விளிம்புத் துணி நைவதற்கு முன் புதிது போடுங்கள். சிறிய செலவை உரிய நேரத்தில் செய்தால் கல்லும் ரப்பரும் இன்னொரு தலைமுறைக்கும் உழைக்கும்.