பழைய பிக்கப் வண்டி: முன்பக்கக் கமானும் பிரேக்கும் புதுப்பித்தல்

பழைய பிக்கப் வண்டியின் முன் அச்சைத் தாங்கும் கமான் பட்டை, புஷ், ஷாக் அப்சார்பர், முன் சக்கரம் திரும்புவதற்கான ஆணியாகிய கிங் பின் ஆகியவற்றை மாற்றி, முன் சக்கர டிரம் பிரேக்கைச் சீராக்குவதும், அதன் இடத்தில் டிஸ்க் பிரேக் பொருத்துவதும் இவ்வேலையில் அடங்கும். பட்டறைக்குப் போகாமல் வண்டிக்காரர்கள் வீட்டு வாசலிலேயே செய்துகொள்வதும் உண்டு. இந்தியாவில் இது பெரும்பாலும் ஜீப் வழிவந்த மகிந்திரா வண்டிகளைச் சார்ந்தது.

கமானின் வரலாறு

எஃகுப் பட்டைகளை அடுக்கி வண்டிக்கும் அச்சுக்கும் நடுவே வைக்கும் முறை மோட்டாருக்கு முற்பட்டது. இங்கிலாந்தின் ஒபதையா எலியட் 1804-இல் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு குதிரை வண்டியின் அடியில் முன்னச்சையும் பின்னச்சையும் இணைத்த கனத்த நெடுமரம் தேவையற்றுப் போனது. வண்டியின் எடை குறைந்தது. தமிழ்நாட்டில் பட்டை பூட்டிய வில்வண்டி வசதி படைத்த வீடுகளின் அடையாளமாக விளங்கியது. சரக்கு ஏற்றிய கட்டை வண்டிக்கு வில் கிடையாது.

மோட்டார் வண்டி இந்தப் பட்டையை அப்படியே ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கமான் ஒன்றே மூன்று வேலை செய்கிறது: பாரத்தைத் தாங்குகிறது, அச்சை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிறது, பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் குலுக்கலை ஓரளவு அடக்குகிறது.

இதற்கு மாற்றுகள் பின்னர் வந்தன. 1922-இல் லான்சியா லாம்டா காரின் முன் சக்கரங்கள் தனித்தனியே அசைந்தன. 1933-இல் மெர்சிடிஸ் பென்ஸ் 380 காரில் இரட்டை விஷ்போனும் சுருள் வில்லும் இடம்பெற்றன. 1934-இல் சிட்ரோயன் நிறுவனத்தின் டிராக்சியன் அவான் காரில் முறுக்குத் தண்டு, அதாவது டார்ஷன் பார் வந்தது. இவை காரில் போகிறவர்களுக்குச் சொகுசு சேர்த்தன. பாரம் சுமக்கும் வண்டியில் கமானின் இடத்தை அவற்றால் முழுதாகப் பிடிக்க முடியவில்லை.

பிரேக்கின் வரலாறு

டிரம் பிரேக்கை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் பிரான்சின் லூயி ரெனோ, ஆண்டு 1902. அதே ஆண்டில் இங்கிலாந்தின் பிரெடரிக் லாங்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டும் ஒத்த வயதினவாயினும் டிஸ்க் அரை நூற்றாண்டு காத்திருந்தது. மால்கம் லாக்ஹீட் 1917-இல் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1921-இல் டூசன்பர்க் கார் அதை நான்கு சக்கரங்களிலும் பொருத்தியது. 1953-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்றது. 1955-இல் சிட்ரோயன் டி.எஸ். டிஸ்க்கைப் பெருமளவில் உற்பத்தியான காருக்குக் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில் பிரேக் தொழில் சென்னைப் பாடியில் வேரூன்றியது. லூகாஸ் கர்லிங்குடன் கூட்டாக பிரேக்ஸ் இந்தியா 1962-இல் தொடங்கப்பட்டது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974-இல் வந்தது. பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலை சோளிங்கரில், இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்தில், இயங்குகிறது.

வகைப்பாடு

முன் அச்சு அமைப்பை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. கட்டை அச்சும் கமானும். இதில் இரு உட்பிரிவுகள்: பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் கிங் பின்னோடு கூடிய திட அச்சு, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் உள்ளே அரை அச்சு ஓடும் மூடிய நக்கிள். கமானும் பல பட்டைக் கமான், குறைந்த பட்டைகள் கொண்ட பரபோலிக் கமான் என இருவகைப்படும்.

2. டார்ஷன் பார். டாடாமொபைல் பிக்கப் 1988-இல் வந்தது; அதையொட்டி 1991-இல் உருவான டாடா சியராவில் இவ்வமைப்பைக் காணலாம்.

3. சுருள் வில். பிற்காலப் பயணிகள் வண்டிகளுக்கு உரியது.

பிரேக் அமைப்பும் மூவகை: நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்ச் சுற்று கொண்ட டிரம்; முன்னுக்கும் பின்னுக்கும் தனிச் சுற்று கொண்ட டிரம்; பெடல் விசையைக் கூட்டும் பூஸ்டர் துணையோடு இயங்கும் முன் டிஸ்க், பின் டிரம். முதல் வகையில் எங்காவது ஓரிடத்தில் ஆயில் கசிந்தாலும் நான்கு பிரேக்கும் போய்விடும்.

இந்திய வண்டிகள்

1945-இல் லூதியானாவில் மகிந்திரா அண்ட் முகமது என்ற பெயரில் பிறந்து, 1948-இல் இன்றைய பெயர் பெற்ற மகிந்திரா அண்ட் மகிந்திரா, 1947 முதல் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. முன்னும் பின்னும் கமான், நான்கு சக்கரத்திலும் டிரம், தரைத் தகட்டுக்குக் கீழே மாஸ்டர் சிலிண்டர் என்ற அடிப்படை நெடுங்காலம் நீடித்தது. 5 போல்ட், 139.7 மி.மீ. வட்டம் என்ற சக்கர அளவு வில்லிஸ் ஜீப்பிலும் 2000-இல் வந்த பொலிரோவிலும் ஒன்றே. பழைய வண்டிக்குப் புதிய வண்டியின் ஹப்பைத் தேடுவோருக்கு இப்பொருத்தம் பெரும் உதவி.

வேலூர் வட்டாரம்

வேலூர் லாங் பஜாரின் மொத்தக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுவரும் பிக்கப், நெரிசலில் நின்று நின்று நகர்வது. இத்தகைய ஓட்டத்தில் லைனிங் சீக்கிரம் தேயும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் பதனிடும் ஆலைகளுக்கு உப்பிட்ட பச்சைத் தோல் ஏற்றும் வண்டிகளின் நோய் வேறு. உப்பு நீர் வடிந்து பிரேக் குழாயையும் யூ போல்ட்டின் மரையையும் வெளியிலிருந்து அரிக்கிறது. பட்டைகளுக்கு இடையே துரு புகுந்து கமான் இறுகிவிடுகிறது. 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரிச் சாலையில் பாரத்தோடு இறங்கும்போது டிரம் சூடேறி விரிந்து, பெடல் கீழே போகும். சிறு கியரில் இறங்குவதே இதற்கு முதல் மருந்து.

செய்முறை

வண்டியை ஜாக்கியின் மேல் மட்டும் நிறுத்தி அடியில் நுழையக் கூடாது. சட்டத்துக்கு உறுதியான தாங்கி வேண்டும். பின் சக்கரத்துக்கு அடைக்கட்டை கொடுக்க வேண்டும். பழைய லைனிங் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைப்பது நலம்.

கமானில் தொய்ந்த பட்டையையும் தேய்ந்த புஷ்ஷையும் மாற்றினாலே பாதி வேலை முடியும். பாரம் தாங்கட்டும் என்று பட்டை சேர்ப்பவர்கள் பலர். ஒரே கனமுள்ள 10 பட்டைகளோடு இன்னொன்று சேர்த்தால் விறைப்பு சுமார் பத்தில் ஒரு பங்கு கூடும். பட்டையின் கனத்தைக் கூட்டினாலோ விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். புஷ் போல்ட்டுகளை வண்டி தன் எடையில் நின்ற பிறகே முழுதாக இறுக்க வேண்டும். யூ போல்ட்டைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்க வேண்டும். ஸ்டீயரிங் ஆட்டத்துக்குக் கிங் பின் தேய்மானம் முக்கியக் காரணம்.

டிஸ்க் மாற்றத்தில் மூன்று இடங்களில் தவறு நேர்கிறது. டிரம் ஷூ சுழற்சியோடு தானே இறுகும்; டிஸ்க் பேடுக்கு அந்த உதவி இல்லாததால் பூஸ்டர் இல்லாமல் பெடல் கட்டையாக நிற்கும். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் அழுத்தத்தைத் தேக்கும் வால்வு சுமார் 10 பி.எஸ்.ஐ. பிடித்து வைக்கும், அதை அப்படியே விட்டால் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். மாஸ்டர் சிலிண்டர், பேடுகளை அழுத்தும் காலிபரைவிடத் தாழ்வாக இருக்கும் ஜீப் வகையில் 2 பி.எஸ்.ஐ. வால்வு தேவை. கடைசியாக, காலிபர் சக்கர ரிம்மின் உட்புறம் இடிக்காமல் இருக்க வேண்டும்.

பிரேக் ஆயிலில் டாட் 3 வகை புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமலும், டாட் 4 வகை 230 டிகிரிக்குக் குறையாமலும் கொதிக்கும். ஈரம் ஏறினால் இரண்டின் கொதிநிலையும் வெகுவாகக் குறையும். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெடும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுக்க, அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும்.

முழு முன் அச்சையும் கழற்றிச் சுருள் வில் அமைப்புக்கு மாற்றுவது வீண் செலவு. கமானைப் புதுப்பித்து, டிஸ்க் பொருத்துவதே முறையான மேம்பாடு.

சட்டம்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளரின் மூல விவரத்திலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 திருத்தம் மாற்றியமைத்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் உண்டு. அதே அளவுள்ள பாகத்தைப் புதிதாகப் போடுவது பழுதுபார்ப்பே. அமைப்பை மாற்றுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். 8 ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று எடுக்க வேண்டும், அப்போது பிரேக் சோதிக்கப்படும்.

இன்றைய நிலை

புதிய பிக்கப்புகளில் முன் டிஸ்க்கும் பூஸ்டரும் வழக்கமாகிவிட்டதால் இவ்வேலையின் தேவை குறைந்து வருகிறது.