காஞ்சி வாசலில் கேட்கப்பட்ட கேள்விகள்

கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்துத் தாளகுந்தாவில் ஒரு கல்தூண் நிற்கிறது. 5ஆம் நூற்றாண்டில் அதில் பொறித்த வடமொழிக் கல்வெட்டு, காஞ்சிபுரத்தைப் பற்றிக் கசப்பான ஒரு செய்தியைச் சொல்கிறது. மயூரசர்மன் என்ற அந்தண இளைஞன் தன் குரு வீரசர்மனோடு காஞ்சியின் கடிகை என்ற உயர்கல்விச் சாலைக்குப் படிக்க வந்தான். வந்த ஊரில் பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு தகராறு. அவமானம் பொறுக்காமல் படிப்பை விட்டு வாளை எடுத்தான். கடைசியில் பல்லவர்களே அவனை ஆட்சியாளனாக ஏற்க வேண்டியதாயிற்று. வனவாசியைத் தலைநகராகக் கொண்ட கதம்ப மரபு தொடங்கிய கதை இது.

இடம் தேடி வருகிறவர்களைக் காஞ்சி வட்டாரம் அன்று முதல் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. கல்வி தேடி, பதவி தேடி, தறி தேடி, இப்போது கம்பெனி வேலை தேடி வருகிறார்கள். அவர்களிடம் என்ன கேட்டார்கள், எப்படி நடத்தினார்கள் என்பதற்கு இங்கே கல்லிலும் காகிதத்திலும் சாட்சி இருக்கிறது.

கல்லில் இருக்கும் சாட்சி உத்திரமேரூருடையது. காஞ்சியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து இரண்டு கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, ஊர்ச்சபையின் குழுக்களான வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகளை வரிசையாகச் சொல்கின்றன. ஊர் குடும்பு எனப்படும் 30 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வாரியத்தில் இருக்க நினைப்பவனுக்கு வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்று விளக்கத் தெரிந்தவனுக்கு அரைக்கால் வேலி போதும். முதல் கல்வெட்டில் 30 முதல் 60 வரை இருந்த வயது வரம்பு, இரண்டே ஆண்டில் 35 முதல் 70 வரை என்று மாறியது.

யாரைச் சேர்க்கக் கூடாது என்ற பட்டியல் இன்னும் நீளம். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவன் வரக் கூடாது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவன் வரக் கூடாது; அவன் மட்டுமல்ல, நெருங்கிய உறவினரும் கூடாது. பிறர் பொருளைக் களவாடியவனுக்கும் இடமில்லை.

அதற்குப் பிறகு நடப்பதுதான் அழகு. பெயர் எழுதிய ஓலைகளைக் குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சபை முழுவதும் கூடியிருக்க, பூசாரிகளான நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் கட்டை எடுக்க, அதை வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் தருவான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும். அவன் வாசித்தபின் நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும். விரலை மடக்கி ஓலையை மாற்றிவிடக் கூடாதே என்ற அந்த ஜாக்கிரதை இன்றும் வியக்க வைக்கிறது.

ஆனால் இது அந்தணருக்குக் கொடையாகக் கொடுத்த பிரமதேய ஊரின் சபை. பெண்ணுக்கும், நிலமில்லாதவனுக்கும், மற்றச் சாதியாருக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. இந்தக் கல்வெட்டை ஜனநாயகத்தின் தாய் என்று மேடைதோறும் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதன் பெருமை வேறிடத்தில் இருக்கிறது: விதி சுவரில் இருந்தது. ஒருவன் ஏன் தள்ளப்பட்டான் என்பதை அவனே போய்ப் படித்துக்கொள்ளலாம்.

பட்டுத் தறிக்கு ஆள் எடுத்ததில் அப்படிப்பட்ட சுவர் எதுவும் இருந்ததில்லை. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு நெசவாளி ஒருவர் போதாது; கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். வெகுகாலம் அது பிள்ளைகளின் கையாகவே இருந்தது. வேலைக்கு வரும் பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பேச்செல்லாம் அப்பாவோடுதான், அதுவும் முன்பணம் எவ்வளவு என்பது பற்றித்தான். கடன் தீரும்வரை அந்தப் பிள்ளை வேறு தறிக்குப் போக முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆனாலும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் வெளியிட்ட பட்டுத் தொழில் அறிக்கையில் காஞ்சிபுரத்துப் பிள்ளைகள் இருந்தார்கள்.

அரசாங்க உத்தியோகத்தின் வாசல் யாருக்குத் திறக்கும் என்ற சண்டையிலும் காஞ்சிக்கு இடமுண்டு. 1925 நவம்பரில் திரு.வி.க. தலைமையில் இங்கே நடந்த காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படாததால்தான் பெரியார் கட்சியை விட்டு வெளியேறினார். 1929இல் மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னைக்குத் தேர்வாணையம் வந்தது.

ஆணையம் வந்துவிட்டதால் கேள்விகள் நேர்மையாகிவிடவில்லை. சென்னையில் படித்த குடகுப் பெண் சி.பி. முத்தம்மா 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர். அதில் சேர்ந்த முதல் பெண். நேர்முகத் தேர்வில் மத்தியத் தேர்வாணையத் தலைவரே இந்தப் பணி வேண்டாம் என்று தன்னைத் திருப்பப் பார்த்ததாகவும், தனக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் கிடைக்கத் தலைவர் தம் செல்வாக்கைப் பயன்படுத்தியதாக அவரே பின்னர் தன்னிடம் சொன்னதாகவும் உச்ச நீதிமன்றத்தில் முத்தம்மா தெரிவித்தார். கல்யாணமானால் வேலையை விடுவேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் அவர் உள்ளே போக முடிந்தது. 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இப்படிப்பட்ட பணி விதிகளைக் கடுமையாகக் கண்டித்துத் தீர்ப்பு எழுதினார்.

நாற்பத்தைந்து ஆண்டு கழித்து அதே கேள்வி காஞ்சி மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர் வாசலில் வந்து நின்றது. ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்குச் சேர்ப்பதில்லை என்று 2024 ஜூன் 25 அன்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. இன்டர்வியூவுக்குப் போன பெண்களிடம் வாசலிலேயே காவலர் கல்யாணமாகிவிட்டதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். கர்ப்பம், குடும்பப் பொறுப்பு, லீவு என்று ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சிக்காரர்கள் காரணம் சொன்னார்கள். மெட்டியும் தாலியும்கூடக் காரணமாகின. உற்பத்தி மும்முரமான மாதங்களில் மட்டும் இந்தத் தடை தளர்ந்ததாம். வேலை அவசரமானால் மெட்டி இடைஞ்சலில்லை என்றால், அது எப்போதுமே இடைஞ்சலாக இருந்ததில்லை என்றுதான் அர்த்தம்.

கம்பெனி மறுத்தது, புதிதாகச் சேர்த்தவர்களில் கிட்டத்தட்ட 25 சதவீதம் கல்யாணமான பெண்கள் என்றது. ஜூலையில் ஆலைக்கு வந்த தொழிலாளர் துறை அதிகாரிகளிடம் அதே கம்பெனி கொடுத்த கணக்கு வேறு: 33,360 பெண் தொழிலாளர்களில் கல்யாணமானவர்கள் 2,750 பேர், ஏறக்குறைய 8 சதவீதம். மத்திய அரசு 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. ஆள் எடுப்பதில் ஆண், பெண் பேதம் கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது. கல்யாணமானவர் என்பதற்காகத் தனியார் கம்பெனி தள்ளக் கூடாது என்று நேராகச் சொல்லும் சட்டம் அப்போது இல்லை. வேலை விளம்பரங்களில் வயது, பாலினம், கல்யாணம் பற்றிய நிபந்தனைகள் வேண்டாம் என்று ஃபாக்ஸ்கான் ஏஜென்சிகளுக்குச் சொல்லிவிட்டதாக 2024 நவம்பரில் செய்தி வந்தது. விளம்பரத்தில் இல்லாத நிபந்தனையை வாசலில் வாயால் கேட்க முடியும் என்பதுதான் இதில் மிஞ்சும் கவலை.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை மாநில அரசின் சிப்காட் நிறுவனம் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. இவ்வளவு செய்கிற அரசு இன்னொன்றையும் செய்யலாம். எந்தத் தகுதிக்கு ஆள் எடுக்கிறோம், எதற்காகத் தள்ளுகிறோம் என்பதைத் தமிழில் எழுதி ஆலை வாசலில் ஒட்ட வேண்டும் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் நிபந்தனை போடலாம். கல்யாணம் பற்றிய கேள்விக்குச் சட்டத்திலேயே தடை கொண்டுவரலாம். அதுவரை, உங்கள் வீட்டுப் பெண்ணிடம் யாராவது அப்படிக் கேட்டுத் திருப்பி அனுப்பினால், தேதியையும் இடத்தையும் குறித்துக்கொண்டு தொழிலாளர் துறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.